முதல் தண்ணீரும் மீதிப் பருவமும்

குளிர்நாடுகளில் ஆண்டுதோறும் ஒரு வாதம் நடக்கும். முதல் பனி முன்கூட்டியே கொட்டிவிட்டால் அந்தக் குளிர்காலம் முழுக்கப் பனி மிகுந்திருக்குமா, அல்லது தொடக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் பின்னால் ஏமாற்றிவிடுமா என்பது அதன் சாரம். பனி விழாத திருச்சிராப்பள்ளியிலும் இதே கேள்வி உண்டு. இங்கே அது தண்ணீரைப் பற்றியது. மேட்டூர் ஜூன் 12 அன்று திறந்ததா, ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபப் படித்துறையில் எத்தனை படி முழுகியது, ஐப்பசி பிறந்ததும் அடைமழை பிடித்ததா என்று பார்த்து மீதிப் பருவத்தைக் கணிப்பது திருச்சி, ஸ்ரீரங்கம், லால்குடிப் பக்கத்தில் பழகிப்போன பேச்சு. கடந்த சில ஆண்டுகளின் கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் இந்தக் கணிப்புக்கு ஆதாரம் மெலிந்துதான் இருக்கிறது. பருவத்தின் தொடக்கம் ஒன்றுமே சொல்வதில்லை என்பது என் வாதமல்ல. அது கையிருப்பைச் சொல்கிறது, வரப்போவதைச் சொல்வதில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் ஆனியிலும் ஆடியிலும் நம்பிக்கையோடு இறங்கியவர்கள் புரட்டாசியில் கையைப் பிசைய நேர்கிறது.

திருச்சியின் நீர் இரண்டு பருவங்களிலிருந்து வருகிறது. ஆற்றில் வரும் நீர் பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றின் கொடை: குடகு மலையில் பெய்து காவிரியாகவும், வயநாட்டில் பெய்து கபினியாகவும் இறங்கி, கர்நாடக அணைகளையும் மேட்டூரையும் கடந்து முக்கொம்புக்கு வருகிறது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரியும் வடக்கே கொள்ளிடமுமாக ஸ்ரீரங்கத்தைத் தீவாக்குகிறது. நகரத்தின் மேல் நேரடியாகப் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தினுடையது. ஆடியில் ஸ்ரீரங்கத்தில் வெயில் கொளுத்தும்போதே ஆறு கரை புரளலாம். கார்த்திகையில் தெருவெல்லாம் தண்ணீர் நிற்கும்போது மேட்டூர் வாடிக் கிடக்கலாம். ஆகவே ‘இந்த வருஷம் நல்லாத் தொடங்கியிருக்கு’ என்று யாராவது சொன்னால், எந்தப் பருவம், யாருடைய மழை என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். 2023இல் மேட்டூர் அணை மரபான நாளான ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டது. அன்று நீர்மட்டம் 103 அடிக்கு மேல். முந்தைய ஆண்டின் மிச்சம் அப்படியே இருந்ததால் டெல்டா முழுக்கக் குறுவை வேலைகள் சுறுசுறுப்பாகத் தொடங்கின. பிறகு காவிரி நீர்ப்பிடிப்பில் பருவமழை பொய்த்தது. கடைமடையில் குறுவை காய்ந்தது. அக்டோபர் 10 அன்று பாசனத்துக்கான தண்ணீர் நிறுத்தப்பட்டபோது அணை 30 அடி அளவுக்கு இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டு இதற்கு நேர்மாறு. 2024 ஜூன் 12 வந்தது, போனது, அணை திறக்கவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடி அளவில் கிடந்தது, குறுவை போனதுதான் என்று பேச்சு. ஆனால் அந்த ஜூலையில் குடகும் வயநாடும் கொட்டிய கொட்டில் ஜூலை 28 அன்று அணை திறக்கப்பட்டு, 30ஆம் தேதி முழுக் கொள்ளளவான 120 அடியைத் தொட்டது. நான்கு வாரத்துக்குள் 80 அடி. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள், ஒன்றில் நல்ல தொடக்கமும் மோசமான முடிவும், மற்றதில் மோசமான தொடக்கமும் வெள்ளமும். 2019ஐயும் இதனோடு சேர்க்கலாம்: அவ்வாண்டு ஆகஸ்ட் 13 வரை அணை திறக்கவில்லை, செப்டம்பர் முதல் வாரம் நிரம்பிவிட்டது.

இதற்கு உடனே வரும் மறுப்பு 2022. அவ்வாண்டு மே 24 அன்றே மேட்டூர் திறக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு மே மாதத்தில் திறந்தது அதுவே முதல்முறை. ஜூலை நடுவில் அணை நிரம்பி, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் உபரி நீர் வாரக்கணக்கில் ஓடியது. முன்கூட்டிய தொடக்கம், செழித்த பருவம். தொடக்கம் முடிவைச் சொல்லிவிட்டதே என்று தோன்றும். ஆனால் மே மாதம் அணை திறந்ததற்குக் காரணம் அந்தப் பருவத்தின் மழை அல்ல, அதற்கு முந்தைய பருவங்களின் சேமிப்பும் கோடை மழையும். ஜூலை வெள்ளத்தைக் கொண்டுவந்தது வேறொரு மழை. இரண்டும் ஒரே ஆண்டில் அமைந்தன, அவ்வளவுதான். 2023இலும் சேமிப்பு இருந்தது, மழைதான் வரவில்லை. ஒத்துப்போன ஆண்டை நினைவில் வைப்பதும் ஒத்துப்போகாததை மறந்துவிடுவதும் மனித இயல்பு. ஆனால் ஒரு விதி நிற்குமா என்று தெரிய வேண்டுமானால் இரண்டு வகை ஆண்டுகளையும் ஒரே பேரேட்டில் எழுத வேண்டும்.

தொடக்கம் ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறது என்பதற்கு ஆற்றின் கணக்கிலேயே விடை கிடக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஓர் ஆண்டில் வர வேண்டியது 177.25 டிஎம்சி. இதில் ஜூன் மாதப் பங்கு 9.19 டிஎம்சி மட்டுமே, நூற்றுக்கு ஐந்து. ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76. ஜூன் முழுவதும் ஏமாற்றினாலும் ஆண்டுக் கணக்கில் விழும் ஓட்டை சிறியது; ஜூன் இரட்டிப்பாக வந்தாலும் ஆகஸ்டில் ஒரு வாரம் காய்ந்தால் அந்த லாபம் கரைந்துவிடும். இதற்கு மேல் அணைகளின் வரிசை வேறு. கிருஷ்ணராஜ சாகர் 49.45, ஹேமாவதி 37.10, கபினி 19.52, ஹாரங்கி 8.5 டிஎம்சி: கர்நாடகத்தின் இந்த நான்கும் சேர்ந்து 114 டிஎம்சிக்கு மேல் பிடிக்கும். முதல் மழை காய்ந்த மண்ணுக்குள் இறங்கும், பிறகு இந்த அணைகளுக்குள் நிற்கும். அவை நிரம்பும் வரை பெரிய மழையும் மேட்டூரில் சின்ன உயர்வாகத்தான் தெரியும். நிரம்பிய பிறகு நடுத்தர மழையே வெள்ளமாக வந்து சேரும். 2024இல் 80 அடி ஏறியதன் சூட்சுமம் இதுதான். அதாவது முன்மழைக்கு ஒரு விளைவு உண்டு: அது பின்மழைக்குப் பாதையைத் தயார் செய்கிறது. ஆனால் பின்மழை வருமா என்பதைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

இனி வானத்திலிருந்து நேரடியாக இறங்குவதைப் பார்க்கலாம். கேரளத்தில் தென்மேற்குப் பருவம் தொடங்கும் தேதி ஒவ்வோர் ஆண்டும் முதல் பக்கச் செய்தி. 2009இல் அது மே 23 அன்றே தொடங்கியது. அந்தப் பருவம் நாடு முழுமைக்கும் 22 விழுக்காடு பற்றாக்குறையோடு பெரும் வறட்சியில் முடிந்தது. 2019இல் ஜூன் 8 வரை தாமதம், ஜூன் மாதமே மூன்றில் ஒரு பங்கு குறைவு. பருவம் முடிந்தபோது வழக்கத்தைவிட 10 விழுக்காடு கூடுதல். நமக்கு இன்னும் நெருக்கமான வடகிழக்குப் பருவத்தில் 2015, 2016 என்ற இரட்டையைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது. 2015இல் அக்டோபர் 28 அன்றும் 2016இல் அக்டோபர் 30 அன்றும் பருவம் தொடங்கியது. இரண்டுமே வழக்கமான அக்டோபர் 20ஐத் தாண்டிய தாமதத் தொடக்கம். முதல் ஆண்டில் தமிழகம் வழக்கத்தைவிட 53 விழுக்காடு கூடுதல் மழை பெற்றது, சென்னை மூழ்கியது. இரண்டாம் ஆண்டில் 62 விழுக்காடு பற்றாக்குறை. நூற்றாண்டுக்கு மேலான பதிவில் மிக மோசமான வடகிழக்குப் பருவங்களுள் ஒன்று. இரண்டு நாள் இடைவெளியில் தொடங்கிய இரண்டு பருவங்கள், ஒன்று வெள்ளத்துக்கும் ஒன்று பஞ்சத்துக்கும் போயின. அக்டோபர் கடைசி வாரம் திருச்சியில் நின்று இவ்விரண்டையும் வேறுபடுத்திச் சொல்லத் தேதியால் முடியாது.

புள்ளியியல் தெரிந்தவர் இங்கே குறுக்கிடுவார். தொடக்க மாத மழையையும் பருவ மொத்தத்தையும் பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டால் நல்ல ஒட்டுறவு கிடைக்கிறதே, அது ஆதாரமில்லையா என்று கேட்பார். ஒட்டுறவு கிடைப்பது உண்மைதான், கிடைக்காவிட்டால்தான் வியப்பு. மொத்தத்துக்குள் தொடக்கமும் அடங்கியிருக்கிறது. ஒன்றோடொன்று எந்தச் சம்பந்தமும் இல்லாத, ஏற்ற இறக்கம் சம அளவான மூன்று மாதங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முதல் மாதத்துக்கும் மூன்று மாத மொத்தத்துக்கும் ஒட்டுறவுக் கெழு 0.58 வரும். இது வெறும் கூட்டல் செய்த வேலை; வானிலைக்கு இதில் பங்கு கிடையாது. தமிழகத்துக்கான வழக்கமான அளவுகளைத் தோராயமாக எடுத்தால் அக்டோபரில் 17 செ.மீ., நவம்பரில் 18, டிசம்பரில் 9, மொத்தம் 44. ஓர் ஆண்டு அக்டோபரில் 26 செ.மீ. பெய்துவிட்டது என்று வைப்போம்; வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதே வேகத்தில் போனால் பருவம் 66 செ.மீ. என்பார்கள். மீதிப் பருவத்துக்கு வேறு தகவல் இல்லாதபோது நியாயமான கணக்கு 26உடன் வழக்கமான 27ஐக் கூட்டுவதுதான்: 53 செ.மீ. கூடுதல் ஐந்தில் ஒரு பங்கு, பாதி அல்ல. விடுபட்ட 13 செ.மீ. நம் ஆசையில் மட்டுமே பெய்த மழை. கேட்க வேண்டிய கேள்வி, தொடக்கத்துக்கும் மொத்தத்துக்கும் என்ன உறவு என்பதல்ல. தொடக்கத்துக்கும் மீதிக்கும் என்ன உறவு என்பது. அந்தக் கேள்வியில் பெரும்பாலான அடையாளங்கள் சாயம் போய்விடுகின்றன.

ஈரநாட்கள் கூட்டமாக வருகின்றன என்பதையும் மறுக்க முடியாது. இன்று பெய்தால் நாளையும் பெய்ய வாய்ப்பு அதிகம். 1971இல் மேடன், ஜூலியன் ஆகிய இருவர் கண்டுபிடித்த, நிலநடுக்கோட்டைச் சுற்றிக் கிழக்கு நோக்கி நகரும் மேகக் கூட்டம் 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை நம் பக்கம் வந்து போகிறது. வரும்போது மழையைக் கிளப்பும், விலகும்போது அடக்கும். ஆகவே நல்ல தொடக்கம் அடுத்த வாரத்தைப் பற்றி ஏதோ சொல்லலாம், இரண்டாம் வாரத்தைப் பற்றி அரைகுறையாகச் சொல்லலாம். மாதம் தாண்டினால், வந்த அலையே விலகும் அலையாகிவிடுகிறது.

முன்கூட்டிச் சொல்லும் எந்த அடையாளத்தையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம் என்று நினைக்கிறேன்: இடைப்பட்ட மாதங்களில் அந்தச் செய்தி எங்கே தங்கியிருந்தது? காற்றுக்கு நினைவு கிடையாது. இரண்டு வாரத்தில் எல்லாம் கலைந்துவிடும். மண், பனிப்படலம், ஏரி, கடல் ஆகியவற்றுக்கு நினைவு உண்டு. இந்த வகையில் இந்தியாவின் பருவமழைக் கணிப்பே பனியிலிருந்துதான் தொடங்கியது என்பது சுவாரசியமான வரலாறு. தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் இன்னும் நினைவில் வைத்திருக்கும் 1876-78 பஞ்சக் காலத்தில்தான், 1875இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறை தவழ்ந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயமலையில் பனி மிகுந்து தாமதமாகவும் கொட்டினால் அடுத்த பருவமழை மெலிகிறது என்று கண்டு 1884இல் எழுதினார். 1886இல் முறையான பருவக் கணிப்பு வெளிவரத் தொடங்கியது. காரணமும் புரியக்கூடியதே. பனி உருக வெப்பம் செலவாகிறது, உருகிய நீரால் மண் ஈரமாகிக் குளிர்கிறது, நிலத்துக்கும் கடலுக்கும் இடையே வெப்ப வேறுபாடு குறைந்து காற்று சோர்கிறது. செய்தி பனியிலும் மண்ணிலும் தங்கியிருந்தது. கவனிக்க வேண்டியது, பிளான்ஃபோர்டு பனியைக் கொண்டு பனியைக் கணிக்கவில்லை. ஒரு சேமிப்பைக் கொண்டு வேறொரு பருவத்தைக் கணித்தார்.

அவ்வளவு நல்ல காரணம் இருந்தும் அந்த விதி முழுக்க நிலைக்கவில்லை. 1904இல் துறைத் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர், அடிப்படையில் கணித அறிஞர், பனியோடு உலகின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்த அளவுகளையும் சேர்த்து ஒட்டுறவுகளைக் கணக்கிட்டார். அந்தத் தேடலில் கிடைத்ததுதான் பசிபிக் கடலின் தென் அலைவு. பிற்காலத்தில் எல் நினோவோடு அது இணைக்கப்பட்டபோது, பனியைவிடப் பெரிய நினைவுக் கிடங்கு கடல் என்று தெரிந்தது. 1976இல் ஹான், சுக்லா ஆகியோர் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு யுரேசியப் பனிப்பரப்புக்கும் இந்தியப் பருவமழைக்கும் எதிர் உறவைக் காட்டினார்கள். 1988இல் இந்திய வானிலைத் துறை கொண்டுவந்த 16 காரணிச் சூத்திரத்திலும் பனிக்கு இடமிருந்தது. 2002இல் அந்தச் சூத்திரம் வழக்கமான மழை என்றது. நாடு வறட்சி கண்டது, ஜூலை மழை ஏறத்தாழ பாதியாகிவிட்டது. சூத்திரம் கைவிடப்பட்டது. அக்டோபரில் சைபீரியாவில் பனி பரவும் வேகத்தைக் கொண்டு அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் குளிர்காலத்தைக் கணிக்கும் ஜூடா கோஹனின் முறைக்கும் இதே கதைதான். சில ஆண்டுகள் பலித்தது, சில ஆண்டுகள் காலை வாரியது.

அப்படியானால் கடலை நம்பலாமா? ஓரளவு. எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவம் வலுப்பதும் லா நினா ஆண்டுகளில் மெலிவதும் பொதுப் போக்கு. 2015இன் வெள்ளம் வலுவான எல் நினோவில் வந்தது. 2016இன் வறட்சி லா நினாவும் இந்தியப் பெருங்கடலின் பாதகமான வெப்ப அமைப்பும் சேர்ந்த வேளையில் வந்தது. தொடக்கத் தேதியால் பிரிக்க முடியாத அந்த இரட்டையைக் கடல் பிரித்துக் காட்டுகிறது. இதோடு நிறுத்தினால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும், ஆனால் 2021 குறுக்கே நிற்கிறது. அவ்வாண்டும் லா நினா, இந்தியப் பெருங்கடலும் பாதகம். விதிப்படி மழை குறைந்திருக்க வேண்டும். வந்தது 59 விழுக்காடு கூடுதல். வங்கக் கடலில் நவம்பர் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்வழுத்தங்கள் உருவாகித் தமிழகக் கரையை நோக்கி வந்தன. மொத்தப் பருவத்தையும் நாலைந்து தாழ்வழுத்தங்கள் தீர்மானிக்கும் ஊரில், அவை கடலூர்ப் பக்கம் திரும்புமா நெல்லூர்ப் பக்கம் போகுமா என்பதைக் கடல் வெப்பம் மூன்று மாதம் முன்னால் சொல்லிவிடாது. கடலின் நினைவு பகடையின் ஒரு பக்கத்தைச் சற்றுக் கனமாக்குகிறது. அதற்கு மேல் அதனிடம் கேட்பது நியாயமில்லை.

நம் மரபிலும் ஒரு கணிப்பு இருக்கிறது. மார்கழியில் சூரியன் பூராட நட்சத்திரத்தில் இருக்கும் 14 நாட்களைக் கர்ப்போட்டம் என்று பஞ்சாங்கங்கள் குறிக்கின்றன. அந்நாட்களின் மேகம், தூறல், காற்று ஆகியவற்றைக் கொண்டு அடுத்த மழைக்காலத்தைச் சொல்வார்கள். வராகமிகிரரின் பிரகத்சம்ஹிதை, கருக்கொண்ட மேகம் 195 நாளில் பிரசவிக்கும் என்கிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நாள் குறித்து, அடையாளம் குறித்து, தவறினால் தவறு என்று காட்டக்கூடிய வடிவில் சொல்லப்பட்ட விதி அது. அந்த நேர்மை பல தொலைக்காட்சிக் கணிப்புகளில் இல்லை. ஆனால் கூட்டிப் பாருங்கள்: டிசம்பர் இறுதியோடு 195 நாள் சேர்த்தால் ஜூலை நடுப்பகுதி. வராகமிகிரரின் உஜ்ஜயினியில் அது கொட்டும் காலம். திருச்சியில் அது ஆடிக் காற்றும் வெயிலும். குடகின் மழையை அது குறிக்கிறது என்று வாதாடலாம், ஆனால் ஸ்ரீரங்கத்து மார்கழி மேகத்துக்குக் குடகின் ஆடி மழையோடு என்ன உறவு, ஆறரை மாதம் அந்தச் செய்தி எங்கே தங்கியிருந்தது என்ற கேள்விக்கு விடையில்லை. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. அது எந்த ஆண்டு எப்படியிருக்கும் என்று ஆரூடம் சொல்லவே இல்லை. பல ஆண்டுகளின் சராசரியை வைத்து விதைக்கும் காலத்தை மட்டும் சொல்கிறது.

கடைசி மறுப்பு நடைமுறை சார்ந்தது, அதுவே கனமானது. கணிக்க முடியாது என்று உட்கார்ந்திருக்க விவசாயியால் முடியாது. நாற்றங்கால் போடுவதா வேண்டாமா, குறுவையா நேரடியாகச் சம்பாவா என்று ஜூனிலேயே முடிவெடுத்தாக வேண்டும். சரிதான். ஆனால் அந்த முடிவுக்கு ஆரூடம் தேவையில்லை, இருப்புக் கணக்கு போதும். கையில் உள்ள நீரை மட்டும் நம்பி, இனி வரவு பாதியாகக் குறைந்தாலும் தாங்கும் பரப்பில் இறங்குவது ஒரு வழி; அணை திறந்த உற்சாகத்தில் இறங்குவது வேறு வழி. 2023இல் நடந்தது இரண்டாவது. நிரம்பிய அணையும் இப்படி ஏமாற்றும். 2018இல் ஜூலை 23 அன்று மேட்டூர் நிரம்பியது. ஆகஸ்டில் வந்த வெள்ளம் தாங்காமல், 22ஆம் தேதி இரவு, 1836இல் கட்டிய முக்கொம்புக் கொள்ளிட மேலணையின் மதகுகள் சரிந்தன. அவ்வளவு தண்ணீர் கண்ட அதே ஆண்டில் வடகிழக்குப் பருவம் நவம்பர் 1 அன்றுதான் தொடங்கி 24 விழுக்காடு பற்றாக்குறையோடு முடிந்தது. கொள்ளிடத்தில் கடலுக்குப் போன நீர், மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலத்துக்கு எந்த உறுதியும் தரவில்லை. அதனால் மிஞ்சியது மேட்டூரில் தேங்கியதும், கம்பரசம்பேட்டை நீரேற்று நிலையைச் சுற்றி ஆற்று மணலுக்குள் இறங்கியதும்தான்.

இருப்பைப் பார்ப்பதென்றாலும் அதைச் சரியான அளவில் பார்க்க வேண்டும். செய்திகளில் மேட்டூர் எப்போதும் அடியில்தான் வருகிறது. அணை நிற்பது பள்ளத்தாக்கில். கீழே குறுகலாகவும் மேலே அகலமாகவும் இருக்கிறது. முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடி என்றதும் பாதி அணை என்று மனம் கணக்குப் போடும். உண்மையில் அப்போது இருப்பது கால் பங்கைச் சற்றே தாண்டிய, ஏறத்தாழ 25 டிஎம்சி. 100 அடியில் அது 65ஐ ஒட்டி நிற்கும். ஆக 100 முதல் 120 வரையிலான மேல் 20 அடிக்குள் அடங்கும் நீர், தரையிலிருந்து 60 அடி வரை உள்ள மொத்த நீரைவிட அதிகம். சம்பாவுக்கு நம்பி இறங்குகிறவர் ஆடியில் விசாரிக்க வேண்டியது அந்த 20 அடியைத்தான்.